கடைத் தொட்டியில் 'கிளீனர்' மீன்: வாங்குமுன் அறிய வேண்டியவை

மளிகைக் கடையானாலும், மருந்துக் கடையானாலும், பட்டுச் சேலைக் கடையானாலும் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு கண்ணாடி மீன்தொட்டி இருப்பது நம் பக்கத்தில் வழக்கமாகிவிட்டது. வாடிக்கையாளர் சாமான் கட்டும் வரை பார்த்துக் கொண்டிருப்பார். உடன் வந்த குழந்தை அழாமல் நிற்கும். காலை முதல் இரவு வரை கடையில் உட்கார்ந்திருக்கும் நமக்கும் கண்ணுக்குக் குளிர்ச்சி. காஞ்சிபுரத்திலும் பிள்ளையார்பாளையத்திலும் வேகவதி ஆற்றை ஒட்டிய திருப்பருத்திக்குன்றத்திலும் இத்தகைய தொட்டிகளைப் பார்க்கிறோம்.

இந்தத் தொட்டிகளில் பெரும்பாலும் தவறாமல் இருப்பது கறுப்பும் பழுப்புமாகக் கண்ணாடியில் வாயை ஒட்டிக் கொண்டு நிற்கும் ஒரு மீன். 'டேங்க் கிளீனர்' என்றும் 'சக்கர் மீன்' என்றும் சொல்லி விற்கிறார்கள். "இதை ஒன்று போட்டுவிட்டால் தொட்டியைக் கழுவும் வேலை மிச்சம்" என்ற பேச்சை நம்பி வாங்குகிறோம். வாங்கும்போது இரண்டு அங்குலம் இருக்கும். அது எங்கிருந்து வந்தது, எவ்வளவு வளரும், உண்மையில் எதைச் சுத்தம் செய்யும், வளர்ந்த பின் என்ன செய்வது என்பவை விற்பவரும் சொல்லாத, வாங்குபவரும் கேட்காத விஷயங்கள். சரக்கின் குணம் தெரியாமல் கொள்முதல் செய்யக் கூடாது என்பது நம் தொழிலின் பாலபாடம். அந்தக் கணக்கில் இம்மீனைப் பற்றி இங்கு விளக்குகிறோம்.

எந்த ஊர் மீன்?

இது கெளுத்திக் குடும்பத்தைச் சேர்ந்தது. நம் ஏரிகளில் கிடைக்கும் கெளுத்தியும் தேளியும் வாளையும் இதற்குத் தூரத்து உறவு. உலகில் கெளுத்தி வகைகள் 3,000-க்கும் மேல் உண்டு. அவற்றுள் உறிஞ்சு வாயும் கவச உடலும் கொண்ட ஒரு பெருங்குடும்பம் தென் அமெரிக்காவுக்கும் மத்திய அமெரிக்காவின் தென்பகுதிக்கும் உரியது. நம் தொட்டிகளில் இருக்கும் மீனின் சொந்த ஊர் அமேசான், ஓரினோக்கோ போன்ற தென் அமெரிக்க ஆறுகள். அறிவியலில் இதன் இனப்பெயர் 'டெரிகோப்ளிக்திஸ்'. மீன் வளர்ப்போர் சுருக்கமாக 'ப்ளெக்கோ' என்பார்கள். இன்று விற்கப்படுபவை பண்ணைகளில் பெருக்கப்பட்டவை. ஒன்றுக்கு மேற்பட்ட வகைகள் கலந்தவையும் உண்டு. வண்ணமீன் வளர்ப்புக்கும் வியாபாரத்துக்கும் இந்திய அளவில் பெயர் பெற்ற சென்னைக் கொளத்தூரிலும் இது சாதாரணமாகக் கிடைக்கும் சரக்கு.

உடலமைப்பும் பழக்கமும்

கெளுத்திகளுக்குச் செதில் கிடையாது. நம் ஊர்க் கெளுத்தி வழவழவென்று இருப்பதை எல்லோரும் அறிவோம். இந்த மீனுக்கோ செதிலுக்குப் பதிலாக எலும்புத் தகடுகள் வரிசையாகப் போர்த்திக் கவசமாக அமைந்துள்ளன. முதுகுத் துடுப்பிலும் பக்கத் துடுப்புகளிலும் கெட்டியான முள் உண்டு. ஆகவே வலையில் பிடித்தால் சிக்கிக் கொள்ளும். வலையும் கிழியும், மீனும் காயப்படும். தொட்டியில் இதைப் பிடிக்க ஒரு பிளாஸ்டிக் டப்பாவை நீருக்குள் இறக்கி அதற்குள் ஓட்டுவதே நல்ல முறை.

வாய் தலைக்கு அடியில் தட்டு போல் விரிந்திருக்கும். ஓடும் ஆற்றில் கல்லையும் மரத்தையும் பற்றிக் கொள்ளவும், அவற்றின் மேல் படிந்த பாசியை நுண்ணிய பற்களால் சுரண்டவும் இயற்கை கொடுத்த கருவி இது. குடல் மிக நீளமானது. கடிகாரச் சுருள் போல் சுருண்டு வயிற்றை நிறைக்கும். சத்துக் குறைந்த பாசியையும் மக்கிய பொருட்களையும் தின்று பிழைக்கும் உயிருக்கு இப்படித்தான் குடல் அமையும். நிறையத் தின்று, நிறையக் கழிவதே அதன் வாழ்க்கை. இதை நினைவில் வைத்துக் கொண்டால் பின்னால் சொல்லப்போவது எளிதில் விளங்கும்.

இது இரவில் நடமாடும் மீன். பகலில் மரக்கட்டைக்கு அடியிலோ பானைக்குள்ளோ ஒதுங்கும். கண்மணியில் சிறு மடல் ஒன்று இருக்கும். வெளிச்சம் கூடினால் அது இறங்கிப் பாவையை மறைக்கும், இருளில் சுருங்கும்.

நீரில் பிராணவாயு குறைந்தாலும் இது எளிதில் சாகாது. மேலே வந்து ஒரு வாய் காற்றை விழுங்கி, இரத்தக் குழாய்கள் நிறைந்த தன் இரைப்பையின் வழியாகவே பிராணவாயுவை எடுத்துக் கொள்ளும். ஈரமாக இருந்தால் நீருக்கு வெளியிலும் பல மணி நேரம் உயிரோடு கிடக்கும். நம் தேளியும் காற்றைக் குடித்து வாழும் மீன்தான் என்றாலும் அதன் அமைப்பு வேறு.

ஆயுள் 10 முதல் 15 ஆண்டுகள்; நல்ல பராமரிப்பில் அதற்கு மேலும் வாழும். வளர்ச்சி சாதாரணமாக ஒன்றரை அடி.

தொட்டிக் கணக்கு

இரண்டு அடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம் கொண்ட தொட்டிதான் கடைகளில் அதிகம். அது 2 கன அடி. ஒரு கன அடிக்குச் சுமார் 28 லிட்டர் என்று பார்த்தால் நிரம்ப ஊற்றினாலும் 56 லிட்டர்தான் பிடிக்கும். ஒன்றரை அடி மீன் ஓரடி அகலத்தில் திரும்பக் கூட முடியாது. முழு வளர்ச்சி பெற்ற இம்மீன் ஒன்றுக்கு ஐந்து அடி நீளம், இரண்டு அடி அகலம், இரண்டு அடி உயரம் உள்ள தொட்டி வேண்டும். அதாவது 20 கன அடி, சுமார் 560 லிட்டர். தண்ணீரின் எடை மட்டுமே அரை டன்னைத் தாண்டும். அலமாரி மேல் வைக்கிற பொருளல்ல. தரையில் இரும்பு ஸ்டாண்டு போட்டு நிறுத்த வேண்டும்.

"தொட்டியின் அளவுக்குத்தான் மீன் வளரும்" என்று ஒரு பேச்சு உண்டு. அது சரியல்ல. சிறு தொட்டியில் மீன் சிறிதாக நிற்பது இடத்தை அறிந்து அடங்குவதால் அல்ல. கழிவு சேர்ந்த நீரில் வளர்ச்சி தடைப்படுவதால். அத்தகைய மீன் நலமாக இருக்கிறது என்று கொள்ள முடியாது. அதன் ஆயுளும் குறையும்.

சுத்தம் செய்கிறதா?

வியாபாரிக்குப் புரியும்படி வரவு செலவாகவே பார்ப்போம். தொட்டிக்கு வரவு நாம் போடும் தீனி. அதை மீன்கள் தின்று கழிவாக்குகின்றன. கழிவும் மிஞ்சிய தீனியும் அழுகும்போது அம்மோனியா உண்டாகிறது. மீன்களுக்கு அதுவே விஷம். ஃபில்டரின் பஞ்சிலும் கற்களிலும் குடியேறும் நல்ல நுண்ணுயிர்கள் அம்மோனியாவை முதலில் நைட்ரைட்டாகவும் பிறகு தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றும். அந்த நைட்ரேட் நீரிலேயே தேங்கும். அதில் பெரும்பகுதியை வெளியேற்ற வழி ஒன்றுதான்: பழைய தண்ணீரை எடுத்துவிட்டுப் புதிய தண்ணீர் ஊற்றுவது.

இந்தக் கணக்கில் கிளீனர் மீன் செலவுப் பக்கத்தில் எங்கும் வருவதில்லை. கண்ணாடியில் உள்ள பாசியைத் தின்னும். தின்றதைக் கழிவாக அதே தொட்டியில்தான் விடும். மற்ற மீன்களின் கழிவை இது தின்பதில்லை. மீன் பெரிதாகப் பெரிதாகத் தொட்டியில் அழுக்கு கூடும். வளர்ந்த பிறகு பாசியில் நாட்டம் குறைந்து மற்ற மீன்களின் தீனிக்குப் போட்டியிடும். பட்டினி கிடந்தால் இரவில் கோல்டு ஃபிஷ் போன்ற மெதுவான மீன்களின் உடலில் ஒட்டிக் கொண்டு மேல்தோலின் வழவழப்பைச் சுரண்டுவதும் உண்டு. காலையில் கோல்டு ஃபிஷ் உடலில் வெள்ளைத் தழும்பு தெரிந்தால் இதையும் சந்தேகிக்கலாம்.

பாசி வருவதற்கே காரணம் இரண்டு: அதிக வெளிச்சம், அதிக தீனி. தொட்டியை வெயில் படாத இடத்தில் வைத்து, விளக்கை நாளொன்றுக்கு எட்டு மணி நேரத்துக்கு மேல் எரியவிடாமல், இரண்டு மூன்று நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவே தீனி போட்டால் பாசி பாதி குறையும். மீதிக்குக் காந்தத் தேய்ப்பான் போதும். வாரம் ஐந்து நிமிட வேலை.

வளர்க்க விரும்புவோருக்கு

மேலே சொன்ன அளவில் தொட்டி வைக்க இடமும் வசதியும் உள்ளவர்கள் இதைத் தாராளமாக வளர்க்கலாம். உருவத்திலும் பழக்கத்திலும் பார்க்கப் பார்க்க அலுக்காத மீன். கவனிக்க வேண்டியவை:

1. தண்ணீர்: 24 முதல் 28 டிகிரி வெப்பம் ஏற்றது, நம் ஊரில் ஹீட்டர் தேவைப்படுவது அபூர்வம். கோடையில் நீர் சூடேறினால் பிராணவாயு குறையும். அப்போது காற்று பம்பு இடைவிடாமல் ஓட வேண்டும். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருந்தால் ஒரு நாள் திறந்த டிரம்மில் வைத்திருந்து ஊற்றவும், அல்லது குளோரின் நீக்கும் மருந்தைச் சொன்ன அளவில் கலக்கவும்.

2. மாற்றும் அளவு: வாரம் ஒருமுறை கால் பங்கு. முழுத் தண்ணீரையும் இறைத்துக் கல்லையெல்லாம் சோப்பு போட்டுக் கழுவுவது தவறு. நல்ல நுண்ணுயிர்கள் அழிந்துவிடும். ஃபில்டர் பஞ்சை எடுத்த பழைய தண்ணீரிலேயே அலசினால் போதும்.

3. புதுத் தொட்டி: முதல் நாளே மீன்களை நிரப்பக் கூடாது. நுண்ணுயிர்கள் பெருக நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும். ஓரிரு சிறு மீன்களோடு தொடங்கிப் படிப்படியாகக் கூட்டவும்.

4. தீனி: பாசி மட்டும் போதாது. நம் கடையிலேயே கிடைக்கும் சுரைக்காய், வெள்ளரி, பூசணித் துண்டு, கீரை ஆகியவற்றை இலேசாக வெந்நீரில் வாட்டி, ஆறவைத்து, மாலையில் கடை விளக்கை அணைக்கும் நேரத்தில் அடியில் கிடக்கும்படி வைக்கவும். மிச்சத்தைக் காலையில் எடுத்துவிடவும். அடியில் மூழ்கும் தீவன வில்லைகளும் கிடைக்கின்றன. கோயில் குளத்தில் பொரி போடும் பழக்கத்தில் தொட்டியிலும் பொரி, பிஸ்கட், ரொட்டி போடுவதை நிறுத்த வேண்டும். தண்ணீர் ஒரே நாளில் கெட்டுவிடும்.

5. மறைவிடம்: ஊறவைத்து நிறம் இறக்கிய மரக்கட்டையும், உள்ளே புகுந்து திரும்பும் அளவுள்ள மண்பானையும் வைக்கவும். மரத்தைச் சுரண்டுவது இதன் இயல்பு.

6. மருந்து: மற்ற மீனுக்கு நோய் வந்தால் மருந்தை உடனே தொட்டியில் ஊற்றாதீர்கள். செம்பு கலந்த மருந்துகளைக் கெளுத்தி இனங்கள் தாங்குவது குறைவு. உப்பையும் கை நிறைய அள்ளிப் போடக் கூடாது. நோயுற்ற மீனைத் தனித் தொட்டிக்கு மாற்றி மருந்து கொடுப்பதே முறை.

7. மின்சாரம்: கடைக்காரர்களுக்கு இது முக்கியம். இரவு கடை சாத்தும்போது மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுப் போவது பாதுகாப்பு கருதி நாம் எல்லோரும் செய்வதே. அதோடு ஃபில்டரும் காற்று பம்பும் பத்து மணி நேரம் நின்றுவிடுகின்றன. காலையில் மற்ற மீன்கள் மிதக்க, கிளீனர் மட்டும் உயிரோடு இருந்தால், அதுதான் மற்றவற்றைக் கொன்றது என்று பழி போடுகிறோம். அது காற்றை விழுங்கிப் பிழைத்தது, மற்றவை மூச்சு முட்டி இறந்தன, அவ்வளவுதான். எலக்ட்ரீஷியனிடம் சொல்லித் தொட்டிக்கு மட்டும் தகுந்த பாதுகாப்புடன் தனி லைன் எடுத்துக் கொள்ளவும்.

சிறு தொட்டிக்கு ஏற்றவை

இரண்டடித் தொட்டிக்கு இந்த மீன் வேண்டவே வேண்டாம். கவச உடலுள்ள மீன்தான் வேண்டும் என்றால் 'கோரிடோராஸ்' என்ற சிறு கெளுத்தி உண்டு; இரண்டு மூன்று அங்குலத்தோடு நின்றுவிடும். ஐந்தாறாகச் சேர்ந்து அடியில் மேயும். அது பாசி தின்னாது, ஆனால் தொந்தரவும் செய்யாது. பாசி தின்னும் வகை வேண்டுமானால் 'ஆன்சிஸ்ட்ரஸ்' எனப்படும் மீசை ப்ளெக்கோவைக் கேட்டு வாங்கலாம். ஐந்தங்குல அளவில் அடங்கும். அதற்கு மூன்றடித் தொட்டி நல்லது. குட்டியாக இருக்கும்போது இரண்டும் ஒன்று போலத் தெரியுமாதலால் விற்பவரிடம் உறுதி செய்து கொள்ளவும்.

வளர்ந்த பின் என்ன செய்கிறோம்?

இக்கட்டுரையின் முக்கியமான பகுதி இதுவே. ஓரிரு ஆண்டுகளில் மீன் தொட்டி கொள்ளாமல் வளர்ந்துவிடுகிறது. கொல்ல மனம் வருவதில்லை. ஒரு பாலித்தீன் பையில் போட்டுக் கொண்டு போய் ஏரியிலோ, கோயில் குளத்திலோ, ஆற்றிலோ விட்டுவிட்டு, ஓர் உயிரைக் காப்பாற்றிய திருப்தியோடு திரும்புகிறோம். நல்லெண்ணத்தில் செய்வதுதான். விளைவு மட்டும் நேர்மாறானது.

நம் நீர்நிலைகளின் அமைப்பை எண்ணிப் பாருங்கள். பழைய செங்கல்பட்டு மாவட்டத்துக்கு ஏரிகள் மாவட்டம் என்றே பெயர். ஓர் ஏரி நிரம்பினால் கலங்கல் வழியாக அடுத்த ஏரிக்குத் தண்ணீர் போகும். வேகவதி திருமுக்கூடலில் பாலாற்றோடும் செய்யாற்றோடும் கலக்கிறது. ஒரு குளத்தில் விட்ட மீன் அந்தக் குளத்தோடு நிற்கும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. ஒரு பெருமழை போதும். சாக்கடை கலந்து பிராணவாயு குறைந்த நீரில் நம் நாட்டு மீன்கள் செத்தாலும் இது காற்றைக் குடித்து வாழும். கவச உடலை விழுங்கப் பறவைகளும் பெரிய மீன்களும் தயங்கும்.

இனப்பெருக்கத்துக்கு இது கரை மண்ணில் நீண்ட வளை தோண்டும். பெண் மீன் நூற்றுக்கணக்கில் முட்டையிட, ஆண் மீன் வளையிலிருந்து காவல் காக்கும். இப்படித் துளைக்கப்பட்ட கரைகள் சரிந்ததை வெளிநாடுகளில் பதிவு செய்திருக்கிறார்கள். நம் ஏரிக்கரைகள் மண் கரைகள் என்பதை இங்கு நினைவூட்டத் தேவையில்லை.

இது வெறும் அச்சமல்ல. மெக்சிகோ நாட்டின் இன்ஃபியர்னில்லோ அணையில் திலாப்பியா பிடித்துப் பிழைத்தவர்களின் வலைகளை இம்மீன் நிரப்பி அவர்கள் தொழிலைக் குலைத்தது. பிலிப்பைன்ஸில் லகுனா ஏரியில் பெருகியது. அங்கு இதற்கு 'ஜானிட்டர் ஃபிஷ்', அதாவது துப்புரவு மீன் என்று பெயர். பெயர் அங்கும் சுத்தம்தான், வேலை அங்கும் நாசம்தான். வங்கதேச அரசு 2023-ல் இம்மீனைத் தடை செய்தது. நம் நாட்டில் திருவனந்தபுரத்தின் சாக்கைக் கால்வாயிலும், கிழக்குக் கொல்கத்தாவின் ஈரநிலங்களிலும் இது பரவியிருக்கிறது. ஆந்திர மீனவர்கள் இதற்குப் 'பேய் மீன்' என்றே பெயரிட்டுவிட்டார்கள். தமிழ்நாட்டு நீர்நிலைகளிலும் இது காணப்பட்டுள்ளது.

வெளியிலிருந்து வந்த மீன் நம் ஏரிகளை நிரப்புவது புதிதல்ல. ஜிலேபி மீன் என்று நாம் சொல்லும் திலாப்பியா 1952-ல் இந்தியாவுக்குக் கொண்டு வரப்பட்டது. இன்று அது இல்லாத ஏரியைக் காண்பது அரிது. ஆப்பிரிக்கக் கெளுத்தியை வளர்க்க மத்திய அரசு தடை விதித்தது. ஜிலேபியையாவது விற்கலாம், தின்னலாம். கவச மீனில் சதை குறைவு, அறுப்பது கடினம், மார்க்கெட்டில் கேட்பாரில்லை. ஏரியைக் குத்தகை எடுத்தவருக்கு வலை கிழிந்த நஷ்டமும், கெண்டை குறைந்த நஷ்டமும்தான் மிச்சம். வாங்க ஆளில்லாத சரக்கால் குடோன் நிறைந்தால் என்ன ஆகும் என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

திருப்பருத்திக்குன்றம் ஜினகாஞ்சி என்று பெயர் பெற்ற ஊர். சிற்றுயிருக்கும் தீங்கு நினையாத நெறி தழைத்த மண். ஓர் உயிரை விடுவித்து ஆயிரம் உயிரின் இருப்பிடத்தைக் கெடுப்பது ஜீவகாருண்யம் ஆகாது.

வேறு வழி என்ன?

வளர்க்க முடியாத நிலை வந்தால் முதலில் வாங்கிய கடையிலேயே திருப்பிக் கொடுக்க முயலுங்கள்; பணம் கேட்காமல் கொடுத்தால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். பெரிய தொட்டியோ சிமெண்டுத் தொட்டியோ வைத்திருப்பவர்களைத் தேடிக் கொடுக்கலாம். கிணறு, குட்டை, கால்வாய், சாக்கடை எதிலும் விடக் கூடாது. இறந்த மீனையும் நீர்நிலையில் வீசாமல் மண்ணில் புதைக்கவும்.

நம்மில் பலர் மீன் தீவனப் பாக்கெட் விற்கிறோம்; சிலர் மீனையே விற்கிறோம். "தொட்டி சுத்தமாக ஒரு மீன் சொல்லுங்கள்" என்று வாடிக்கையாளர் கேட்டால் மூன்றே வாக்கியம் சொல்லுங்கள்: "இது ஒன்றரை அடி வளரும். தொட்டியைச் சுத்தம் செய்யாது. வேண்டாமென்றால் என்னிடமே கொண்டு வாருங்கள், ஏரியில் விடாதீர்கள்." இதனால் ஒரு மீனின் லாபம் குறையலாம். ஆனால் உள்ளதைச் சொல்லி விற்ற கடைக்கு அந்த வாடிக்கையாளர் மறுபடி வருவார் என்பது நம் முன்னோர் கண்ட அனுபவம். தொட்டி வைத்திருக்கும் உறுப்பினர்கள் இந்த வாரமே தங்கள் கிளீனர் மீனை அளந்து பார்த்து, தொட்டி போதுமா என்று முடிவு செய்யும்படி கேட்டுக் கொள்கிறோம்.